டாக்டரின் பையில் என்ன இருந்தது? ஐரிஷ் கிராம வைத்தியர் நாவல்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

இந்த வகை நாவல்களில் அடிக்கடி ஒரு காட்சி வரும். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி டாக்டரிடம் வருகிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஷூ மட்டும் கொஞ்ச நாளாக இறுக்குகிறது என்கிறாள். டாக்டர் ஊர்க்கதை பேசிக்கொண்டே அவளுடைய சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கின் மேல் சாய்த்துப் பிடிக்கிறார். குழாயின் மேல்பகுதி கொதிக்கிறது. தெளிவாக இருந்த நீர் திரிந்த பால் மாதிரி கலங்குகிறது. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கிறது, பேச்சுதான் நின்றுவிட்டது.

விஷயம் தெரியாதவர் இந்தப் பக்கத்தைச் சும்மா புரட்டிவிட்டுப் போவார். சிறுநீரில் புரதம் இறங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, வலிப்பு வந்தால் தாயும் பிள்ளையும் போய்விடலாம், பெரிய ஆஸ்பத்திரி பல மைல் தள்ளி இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தவருக்கு அந்த இடத்தில் மூச்சு அடைக்கும்.

ஐரிஷ் கிராம டாக்டர் கதைகளில் கொலையும் துரத்தலும் அநேகமாக இருக்காது. மழை, டீ, நாய், சேறு, காய்ச்சல், கல்யாணம் என்று போகும். அதனால் ஐம்பது பக்கம் படித்துவிட்டு "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். நடக்கிறது. எல்லாம் டாக்டரின் தோல்பைக்குள் நடக்கிறது. கதை நடக்கும் வருஷத்தில் அந்தப் பைக்குள் என்ன இருந்தது, என்ன இன்னும் வந்து சேரவில்லை என்று தெரிந்துகொண்டு படித்தால் சாதாரணக் காட்சிகூட உயிர் பெறும். அதற்கு வேண்டியதைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் இரண்டு கேள்வி: எந்த வருஷம், எல்லைக்கு எந்தப் பக்கம்?

நாவலைத் திறந்ததும் இந்த இரண்டுக்கும் பதிலைத் தேடி ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பக்க அடையாளமாகச் செருகிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் அத்தியாயத்திலேயே கிடைத்துவிடும். நான் இன்றுவரை இந்தப் பழக்கத்தை விடவில்லை.

அயர்லாந்து 1921இல் இரண்டாகப் பிரிந்தது. வடகிழக்கில் ஆன்ட்ரிம், அர்மா, டவுன், ஃபெர்மானா, லண்டன்டெரி, டைரோன் என்ற ஆறு கவுண்டிகள் பிரிட்டனோடு நின்றன. மீதி 26 கவுண்டிகள் தனி நாடாயின. வரலாற்றுப் பாடத்தில் இது அரசியல். டாக்டர் கதையில் இதுதான் காசுக் கணக்கு.

வடக்கில் 1948 ஜூலை 5ஆம் தேதி, பிரிட்டனில் தொடங்கிய அதே நாளில், தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அதன் பிறகு டாக்டரைப் பார்க்கக் கையில் காசு வேண்டாம். டாக்டரின் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை தலைக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். ஆகவே 1960களில் நடக்கும் வடக்குக் கதையில் காலையில் கதவைத் திறந்தால் காத்திருக்கும் அறை நிரம்பி வழியும். இருமலுக்கு வந்தவர், முதுகுவலி என்று சொல்லி வேலைக்கு லீவு சர்டிபிகேட் கேட்பவர், சும்மா பேசிவிட்டுப் போக வந்த பாட்டி, எல்லாரும் இருப்பார்கள்.

தெற்கில் கதை வேறு. அங்கே 1851ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று ஏழைகளுக்கு மருந்தகம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சம்பளத்துக்கு ஒரு டாக்டரை வைத்தார்கள். ஏழைகள் அவரை இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் டிக்கெட் வேண்டும். மருந்தகத்துக்கு நடந்து போய்ப் பார்க்கக் கறுப்பு டிக்கெட். டாக்டரை வீட்டுக்கு வரவழைக்கச் சிவப்பு டிக்கெட்.

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். நடுராத்திரியில் ஒரு கூலிக்காரரின் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. டாக்டர் வீடு எங்கே என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நேரே அங்கே போக முடியாது. டிக்கெட் கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் வீட்டுக்கு முதலில் போய்க் கதவைத் தட்ட வேண்டும், அவர் எழுந்து வர வேண்டும், தன் ஏழ்மையை அவரிடம் சொல்ல வேண்டும், அந்தச் சிவப்புத் தாளை வாங்கிக்கொண்டு பிறகுதான் டாக்டர் வீட்டுக்கு ஓட வேண்டும். 19ஆம் நூற்றாண்டுக் கதையில் ஒரு டாக்டர் "டிக்கெட் எங்கே?" என்று கேட்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினால், அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று ஆசிரியர் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். நாம்தான் கவனிக்க வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் டிக்கெட் போய் அட்டை வந்தது. மருந்தக முறை 1972 வரைக்கும் நீடித்தது. நடுவில் நோயல் பிரவுன் என்ற சுகாதார அமைச்சர், பெற்றோர் இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர், தாய்மாருக்கும் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வைத்தியம் கொடுக்க ஒரு திட்டம் கொண்டுவந்தார். டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது, ஆயர்களும் எதிர்த்தார்கள். 1951 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். 1950களின் தெற்குக் கதையில் பாதிரியாரும் டாக்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அறையில் ஓர் இறுக்கம் இருந்தால், இந்தச் சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

எல்லையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று படியுங்கள் என்பதுதான் என் சிபாரிசு. வடக்குதான் முதலில், அது வாசகரைச் சுலபமாக உள்ளே இழுக்கும்.

பாட்ரிக் டெய்லரின் "அன் ஐரிஷ் கன்ட்ரி டாக்டர்" 1964இல் நடக்கிறது. இடம் டவுன் கவுண்டியில் பாலிபக்கிள்போ என்ற கற்பனைக் கிராமம். பெல்ஃபாஸ்டில் படித்து முடித்த பாரி லாவெர்டி என்ற இளைஞர், ஃபிங்கல் ஓ'ரைலி என்ற முரட்டு மூத்த டாக்டரிடம் உதவியாளராக வந்து சேர்கிறார். வந்து கதவருகே நிற்கும்போதே, காலைக் கழுவாமல் வந்த ஒரு நோயாளியை ஓ'ரைலி அப்படியே தூக்கி ரோஜாச் செடியில் எறிகிறார். ஆசிரியர் டெய்லரும் டாக்டர், அதே கவுண்டியைச் சேர்ந்த பாங்கர் ஊர்க்காரர், 1970இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். வைத்தியக் காட்சிகளில் தெரியும் நிதானம் அவர் தொழிலிலிருந்து வந்தது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதே நாவல் 2004இல் "தி அப்ரென்டிஸ்ஷிப் ஆஃப் டாக்டர் லாவெர்டி" என்ற பெயரில் வந்தது. 2007இல்தான் இப்போதைய பெயரில் பரவலாக வெளியானது. பழைய புத்தகக் கடையில் இரண்டும் கிடைத்தால் ஒன்று போதும்.

இந்த வரிசையில் பதினைந்து புத்தகத்துக்கு மேல் இருக்கின்றன. முதல் மூன்றையும் வெளிவந்த வரிசையிலேயே படித்துவிடுங்கள். "அன் ஐரிஷ் கன்ட்ரி வில்லேஜ்", "அன் ஐரிஷ் கன்ட்ரி கிறிஸ்துமஸ்" என்பவை அடுத்த இரண்டு. அதற்குப் பிறகு "எ டப்ளின் ஸ்டூடன்ட் டாக்டர்" என்ற 2011ஆம் வருஷத்து நாவலுக்குத் தாவலாம். அது ஓ'ரைலி 1930களில் டப்ளினில் மருத்துவம் படித்த காலத்துக்குப் போகிறது. என் அபிப்பிராயத்தில் வரிசையிலேயே கனமானது அதுதான். காரணத்தைப் பை பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

தெற்குக்கு நயல் வில்லியம்ஸின் "டைம் ஆஃப் தி சைல்ட்". 2024இல் வெளிவந்தது. கிளேர் கவுண்டியில் ஃபாஹா என்ற கற்பனைக் கிராமம், காலம் 1962 கிறிஸ்துமஸ் நெருங்கும் வாரங்கள். ஜாக் ட்ராய் என்ற டாக்டரும் அவருடைய மூத்த மகள் ரோனியும் இருக்கும் வீட்டுக்கு, கைவிடப்பட்ட ஒரு கைக்குழந்தை வந்து சேர்கிறது. பாலிபக்கிள்போவுக்கும் ஃபாஹாவுக்கும் இரண்டே வருஷ இடைவெளி, ஒரே தீவு. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் வேறு வேறு காலத்தில் இருப்பதுபோல் தோன்றும். வில்லியம்ஸின் வாக்கியங்கள் நீளமானவை, திரும்பித் திரும்பி வளைந்து போகும். அவசரப்பட்டால் கை நழுவும். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று வையுங்கள். ஃபாஹா பிடித்துப்போனால், அதே ஊருக்கு 1958இல் மின்சாரம் வருவதைச் சொல்லும் "திஸ் இஸ் ஹேப்பினஸ்" இருக்கிறது.

இனிமை திகட்டினால் எம்மா டோனஹ்யூவின் "தி வொண்டர்". 1859, நாட்டின் நடுப்பகுதியில் ஒரு சிற்றூர். சாப்பிடாமலே உயிரோடு இருப்பதாகச் சொல்லப்படும் சிறுமியைக் கண்காணிக்க ஓர் ஆங்கில நர்ஸ் வருகிறாள். இதில் ஊர் டாக்டர் நாயகன் இல்லை, நம்ப விரும்பியதை நம்புகிற கிழவர். கிராம டாக்டர் என்றாலே நல்லவர்தான் என்ற எண்ணம் படிய ஆரம்பிக்கும்போது இதைப் படியுங்கள்.

பையைத் திறந்து பாருங்கள்

இப்போது அந்தத் துண்டுத்தாளில் எழுதிய வருஷத்துக்கு வாருங்கள்.

கதை 1935க்கு முன்னால் என்றால் பையில் வலியைக் குறைக்க மார்ஃபியா இருக்கும், இதயத்துக்கு டிஜிடாலிஸ் இருக்கும், காயத்துக்கு அயோடின் இருக்கும், மயக்கம் கொடுக்க ஈத்தரோ குளோரோஃபார்மோ இருக்கும். 1922க்குப் பிறகு சர்க்கரை நோய்க்கு இன்சுலின் வந்துவிட்டது. கிருமியைக் கொல்லும் மருந்து மட்டும் அநேகமாக எதுவுமே இல்லை.

அப்போது நிமோனியா வந்தால் எப்படி இருக்கும்? காய்ச்சல் ஏறும், நெஞ்சு குத்தும், துப்பினால் துருப்பிடித்த நிறத்தில் சளி வரும். டாக்டர் வருவார், ஆளிவிதையை அரைத்துச் சூடாக நெஞ்சில் பத்துப் போடச் சொல்வார், நீர் கொடுக்கச் சொல்வார், நாடியைப் பிடித்து எண்ணுவார். மற்றபடி காத்திருப்பதுதான். ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ ஒரு ராத்திரி வரும். அதற்குப் பெயரே நெருக்கடி. அந்த ராத்திரியில் ஒன்று, உடம்பு முழுக்க வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் இறங்கி, நோயாளி தூங்கிப்போவார். இல்லையென்றால் விடிவதற்குள் போய்விடுவார். தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தும் டாக்டர் அந்த ராத்திரி முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பழைய காலத்துக் கதைகளில் டாக்டருக்குக் கிடைக்கும் மரியாதை இந்த உட்கார்ந்திருத்தலுக்குக் கிடைத்தது.

1935இல் முதல் சல்ஃபா மருந்து ப்ராண்டோசில் அறிமுகமானது. பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சலில் தாய்மார் செத்துக்கொண்டிருந்த நிலைமை அதோடு மாறத் தொடங்கியது. 1938இல் எம் அண்ட் பி 693 என்ற மாத்திரை நிமோனியாவுக்கு வந்தது. பெனிசிலின் 1928இல் கண்டுபிடிக்கப்பட்டாலும் ஊர் டாக்டரின் கைக்கு வந்தது இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினும் 1940களில்தான். போலியோ தடுப்பூசி 1955.

"எ டப்ளின் ஸ்டூடன்ட் டாக்டர்" கனமானது என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான். சல்ஃபா மருந்து வருவதற்குச் சற்று முந்திய வருஷங்களில் அது நடக்கிறது. இன்னும் சில வருஷம் தாக்குப்பிடித்தால் பிழைத்துவிடக்கூடியவர்கள் வார்டில் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அது தெரியாது, அவர்கள் படுக்கையருகே நிற்கும் மாணவனுக்கும் தெரியாது. வாசகருக்கு மட்டும் தெரியும். சரித்திர நாவல் தரும் இந்த வலியை வேறு எந்த வகை எழுத்தும் எனக்குத் தந்ததில்லை.

1964க்கு வந்தால் பை கனத்துவிட்டது. பெனிசிலின் ஊசி உண்டு. பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்த எர்கோமெட்ரின் உண்டு. ஆனால் ஸ்கேன் எதுவும் ஊர்ப்பக்கம் இல்லை. வயிற்றில் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்பதைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதயத் துடிப்பைக் கேட்க பினார்ட் என்ற சின்ன எக்காளம் போன்ற குழல். மாரடைப்பு வந்தால் மார்ஃபியா கொடுத்துவிட்டு ஆம்புலன்சுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

மாரடைப்பு பற்றிய பேச்சு வந்ததால் ஒரு நிஜ மனிதரைச் சொல்லிவிட வேண்டும். ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், இதே டவுன் கவுண்டியில் ஹில்ஸ்பரோவில் பிறந்தவர். பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியில் இதய மருத்துவராக இருந்தார். நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை ஆம்புலன்சில் ஏற்றி நோயாளி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகும் யோசனையை நடைமுறைப்படுத்தியவர் அவர்தான். 1965இல் செய்த முதல் கருவி கார் பேட்டரிகளில் ஓடியது, எடை சுமார் 70 கிலோ. அவருக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் கைதியாகி, சயாம் – பர்மா ரயில் பாதையில் வேலை செய்ய அனுப்பப்பட்டவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த அதே பாதை. 1964இல் நடக்கும் கதையில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், சில மைல் தூரத்தில் இந்த மனிதர் அந்தக் கருவியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு நினைவுக்கு வராமல் போவதில்லை.

பேச்சு வழக்கு

ஆங்கிலம் தெரிந்தவர்களையும் தடுக்கி விழவைக்கும் சொற்கள் இந்தக் கதைகளில் உண்டு. முதலாவது "சர்ஜரி". நமக்கு அது ஆபரேஷன். அவர்களுக்கு டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் அறை, பார்க்கும் நேரம். "காலை சர்ஜரி முடிந்தது" என்றால் யாரையும் அறுக்கவில்லை, ஓ.பி. பார்த்து முடித்தார் என்று அர்த்தம். அறுவை சிகிச்சை நிபுணரை டாக்டர் என்று கூப்பிடுவதும் இல்லை, "மிஸ்டர்" என்பார்கள். அதுதான் அவருக்கு மரியாதை.

"டின்னர்" பல வீடுகளில் மத்தியானச் சாப்பாடு. "டீ" என்பது சாயங்காலம் ஆறு மணி வாக்கில் சாப்பிடும் முழுச் சாப்பாடு. யாராவது டீக்குக் கூப்பிட்டால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போகிறார்கள்.

"யுவர் மேன்" என்றால் உன் ஆள் என்று அர்த்தம் இல்லை, அந்த ஆள், நாம் பேசிக்கொண்டிருக்கும் ஆள். "ஹிம்செல்ஃப்" என்றால் வீட்டுத் தலைவர். ஓ'ரைலியின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கிங்கி கின்கெய்ட் அம்மா தன் டாக்டரைப் பெயர் சொல்லாமல் அப்படிக் குறிப்பிடுவதைப் படிக்கும்போது நமக்கு அகராதியே வேண்டாம். "அவர் இன்னும் சாப்பிடவில்லை" என்று பெயர் இல்லாமல் சொன்னாலே யார் என்று புரிகிற மொழி நம்முடையது.

வடக்கில் எதற்கும் "வீ" என்ற சொல் முன்னால் ஒட்டும், சின்ன என்ற பொருளில். ஒரு வீ நிமிஷம், ஒரு வீ பிரச்சினை. பிரச்சினை பெரியதாக இருந்தாலும் வீதான். நோயாளி "ஒரு வீ வலி" என்று சொன்னால் டாக்டர் அந்த வீயை நம்பமாட்டார். வாக்கியம் முடிந்த பிறகு "சோ இட் இஸ்" என்று ஒரு வால் சேர்ப்பதும் வடக்கத்திப் பழக்கம். கிங்கி அம்மா தெற்கே கார்க் பக்கத்தவர், அவர் வெறும் "சோ"வோடு நிறுத்துவார். ஊர்விட்டு வந்தவர் என்பது பேச்சிலேயே கேட்கும். டெய்லரின் முதல் நாவலின் கடைசியில் சொற்பட்டியல் ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

பெயர்கள் இன்னொரு தொல்லை. எழுத்துக்கூட்டினால் "சியோபன்" என்று வருவது "ஷிவான்". "நியாம்" மாதிரி தெரிவது "நீவ்". "அயோஃபே" என்பது "ஈஃபா". முதல் தடவை வரும்போதே சரியான உச்சரிப்பைத் தேடிக் கேட்டுவிட்டால் நாவல் முழுக்க அந்தப் பெண் உங்களுக்கு வேற்றாள் ஆகமாட்டாள். ஊர்ப்பெயர்களுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. "பாலி" என்று தொடங்கினால் ஊர், "கில்" பெரும்பாலும் தேவாலயம், "டன்" கோட்டை, "நாக்" குன்று, "இன்னிஷ்" தீவு. பாலிபக்கிள்போவின் கடைசியில் இருக்கும் "போ" ஐரிஷ் மொழியில் பசு.

காதால் கேட்கும் வழக்கம் இருந்தால் முதல் இரண்டு அத்தியாயத்தை ஒலிப்புத்தகமாகக் கேட்டுவிட்டு மீதியைப் படியுங்கள். அந்த ராகம் ஒருமுறை காதில் ஏறிவிட்டால் அப்புறம் பக்கத்திலிருந்தே கேட்கும்.

காசும் எடையும்

இதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். 1971 பிப்ரவரி 15 வரை ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். டாக்டர், வக்கீல் போன்றவர்களின் கட்டணத்தை கினியில் சொல்வார்கள், ஒரு கினி என்பது 21 ஷில்லிங். ஆள் எடை ஸ்டோனில் வரும். ஒரு ஸ்டோன் ஏறத்தாழ 6.35 கிலோ. 12 ஸ்டோன் என்றால் 76 கிலோ.

யார் எந்தப் பக்கம்

வடக்குக் கதையில் யாரும் தன் மதத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லவேண்டிய தேவையும் இல்லை. பெயர், படித்த பள்ளிக்கூடம், விளையாடும் விளையாட்டு இதெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். ஷேமஸ் என்றால் கத்தோலிக்கர் என்று ஊருக்கே தெரியும். அங்கே ஒரு சொலவடை உண்டு: அவர் மற்றக் காலால் தோண்டுகிறவர் என்பார்கள். மண்ணைத் தோண்டும் கருவியைச் சிலர் வலது காலால் மிதிப்பார்கள், சிலர் இடது காலால். எந்தக் கால் என்பதே எந்த மதம் என்பதற்கு அடையாளமாகிப்போனது.

ஜூலை 12 என்ற தேதி வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். 1690ஆம் ஆண்டு பாய்ன் ஆற்றங்கரைப் போரில் புராட்டஸ்டன்ட் மன்னர் வில்லியம் வென்றதைக் கொண்டாடும் ஊர்வல நாள் அது. டெய்லரின் கிராமத்தில் இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் அனுசரித்து வாழ்கிறார்கள், டாக்டர் வீட்டுக் கதவு எல்லாருக்கும் திறக்கிறது. அந்தக் கதை நடக்கும் 1964க்குப் பிறகு நான்கே வருஷத்தில், 1968 அக்டோபர் 5 அன்று, டெரியில் (லண்டன்டெரி நகரத்தை இப்படியும் சொல்வார்கள்) சமஉரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்தது. அதன் பின் 1998 சமாதான உடன்படிக்கை வரை முப்பது வருஷம் ரத்தம். இதைத் தெரிந்துகொண்டு படித்தால், மதுக்கடையில் இரண்டு மதத்துக்காரர்களும் சேர்ந்து பாடும் ஒரு சாதாரண சாயங்காலம் மனதை என்னவோ செய்யும்.

கதை சொல்லாமல் விடுவது

இந்த நாவல்கள் ஆறுதலுக்காகப் படிக்கப்படுபவை. அதில் தப்பே இல்லை, நானும் அதற்குத்தான் படிக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். கல்யாணமாகாத பெண் கர்ப்பமானாள் என்று வந்தால், மென்மையான கதைகளில் டாக்டர் எப்படியோ ஒரு நல்ல முடிவு கண்டுபிடித்துவிடுவார். தெற்கில் நிஜமாக நடந்தது வேறு. அப்படிப்பட்ட பெண்களை மறைத்து வைக்கத் தாய் – சேய் இல்லங்கள் இருந்தன. 2021 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழு அறிக்கை, தான் ஆராய்ந்த 18 இல்லங்களில் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்ததாகச் சொன்னது. 1935இலிருந்து 1979 வரை அங்கே கருத்தடைச் சாதனம் விற்பது சட்டப்படி குற்றம்.

"டைம் ஆஃப் தி சைல்ட்" நாவலில் டாக்டரும் மகளும் அந்தக் குழந்தையை ஊர்க் கண்ணிலிருந்து ஏன் மறைக்கிறார்கள் என்பது இது தெரியாமல் முழுசாகப் புரியாது. அவர்கள் பயப்படுவது வெறும் வம்புப் பேச்சுக்கு இல்லை. தெரிந்துவிட்டால் குழந்தை எங்கே கொண்டுபோகப்படும் என்று அந்த டாக்டருக்கு நன்றாகத் தெரியும்.

எப்படிப் படிப்பது

ராத்திரி, ஒரு அத்தியாயம், போதும். இந்தக் கதைகள் ஊர் டாக்டரின் நாள் மாதிரியே ஓடும். காலையில் ஆறு நோயாளி, மத்தியானம் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, ராத்திரி ஒரு பிரசவம். ஒரே மூச்சில் முந்நூறு பக்கம் படித்தால் நோயாளிகள் ஒருவரோடு ஒருவர் குழம்பிப்போவார்கள். துண்டுத்தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நோயாளியின் பெயரும் வியாதியும் குறித்து வையுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் மூட்டுவலி என்று வந்தவர் பதினைந்தாம் அத்தியாயத்தில் திரும்பி வருவார். அப்போதுதான் அது மூட்டுவலி மட்டும் இல்லை என்று தெரியும்.

சாப்பாட்டுக் காட்சிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பன்றி இறைச்சி, முட்டை, சாசேஜ் எல்லாவற்றோடும் சோடா ரொட்டியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் வாட்டிப் போட்டால் அது அல்ஸ்டர் ஃப்ரை என்ற காலைச் சாப்பாடு. ராத்திரி முழுக்கப் பிரசவம் பார்த்துவிட்டு வரும் டாக்டருக்குக் கிங்கி அம்மா அதை வைத்துக்கொண்டு காத்திருப்பார். டெய்லர் தன் நாவலின் கடைசியில் கிங்கி அம்மாவின் சமையல் குறிப்புகளும் தருகிறார். சோடா ரொட்டிக்கு ஈஸ்ட் வேண்டாம், மாவும் சமையல் சோடாவும் உப்பும் மோரும்தான். இரும்புக் கல்லில் வாட்டி எடுக்கலாம், நம் வீட்டு அடுப்பே போதும்.

கடைசியாக ஒன்று. உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ ஓய்வுபெற்ற நர்ஸோ டாக்டரோ இருந்தால், புரியாத வைத்தியக் காட்சியை அவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். என் அத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்த்தவர். பினார்ட் குழல் வரும் ஒரு பக்கத்தை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். இளம் டாக்டர் குழலின் அகன்ற வாயைத் தாயின் வயிற்றில் வைக்கிறார், மறுமுனையில் காதை வைத்து அழுத்துகிறார், ஒன்றும் கேட்கவில்லை, அவருக்கு வியர்க்கிறது. அத்தை நடுவில் நிறுத்தினார். "ஏம்ப்பா, அவர் கையை எடுத்துட்டாரா?" என்றார். காதை வைத்து அழுத்திய பிறகு குழலைப் பிடித்திருக்கும் கையை எடுத்துவிட வேண்டுமாம், விரல் உரசினால் அந்தச் சத்தம்தான் கேட்குமே தவிரப் பிள்ளையின் துடிப்பு கேட்காதாம். சொல்லிவிட்டுக் காதைச் சாய்த்து, இரண்டு கையையும் விலக்கிக் காட்டினார். பிறகு அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னார்.